மலையில் கைக்கு ஒரு டார்ச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருமாள்மலைக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர் இறங்கினால் எங்கள் வீடு. கடைசி பஸ்ஸில் வந்தால் அந்த முக்கால் கிலோமீட்டரும் டார்ச் வெளிச்சம்தான். இருபது வருட நடையில் நான் வாங்கிக் கெடுத்த டார்ச்சுகளுக்கு வீட்டில் ஒரு பிஸ்கட் டின் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த டின்னைப் பார்த்துச் சிரித்தவர்கள்கூடத் தங்களுக்கு ஒன்று வாங்கும்போது எனக்குத்தான் போன் போடுகிறார்கள். அப்படி வந்த கேள்விகள் இவை.

செல்போனிலேயே லைட் இருக்கிறதே, தனியாக டார்ச் எதற்கு?

பூட்டில் சாவி நுழைக்க, கட்டிலுக்கு அடியில் செருப்புத் தேட செல்போன் போதும். வெளியே இறங்கினால் அதன் வெளிச்சம் காலடியைத் தாண்டி உருப்படியாக எதையும் காட்டாது. மழையில் அதை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடக்கவும் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வழுக்கி விழுந்தால் ஆளைக் கூப்பிட இருப்பது அந்த ஒரு போன்தான். வழி பார்க்கவே சார்ஜைத் தீர்த்துவிட்டால் 108-க்கு எதில் கூப்பிடுவது?

எத்தனை லூமென் வாங்க வேண்டும்?

டார்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சத்தின் அளவு லூமென். எல்லோரும் பெட்டியில் இந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நான் தலைகீழாகப் பார்க்கச் சொல்வேன். உச்சத்தில் எவ்வளவு என்பது அப்புறம். குறைத்து வைத்தால் எவ்வளவுக்கு இறங்குகிறது, அந்த அளவில் எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதை முதலில் பாருங்கள். வாங்கிய மறுநாளிலிருந்து நீங்கள் உபயோகிக்கப்போவது அதைத்தான்.

என் அனுபவக் கணக்கு இப்படி: ராத்திரி எழுந்து பாத்ரூம் போய் வர ஒரு லூமென் போதும், அதற்கு மேல் போனால் தூக்கம் கலையும். கரண்ட் இல்லாத அடுப்படிக்குப் பத்து முதல் இருபது. ஒற்றையடிப் பாதையில் நடக்க 50 முதல் 100. நாய் விடாமல் குரைக்கிறது, காப்பித் தோட்டத்துக்குள் என்ன என்று பார்க்க 300 முதல் 500. ஆயிரம் லூமென் எதற்கு என்றால், பள்ளத்தில் விழுந்த கன்றுக்குட்டி எங்கே கிடக்கிறது என்று ஒரு நிமிடம் அடித்துப் பார்ப்பதற்கு.

ஒரு நிமிடம் என்று சொன்னது சும்மா இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் டார்ச் ஆயிரம் லூமெனில் நின்று எரியாது. அத்தனை சூட்டை வெளியேற்ற அந்தச் சின்ன அலுமினியக் குழாய்க்குத் திராணி கிடையாது. இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக முந்நூறு, நானூறுக்கு இறங்கிவிடும். 'புது லைட்டு, அதுக்குள்ள மங்குது' என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் உண்டு. அது மங்கவில்லை, உள்ளே இருக்கும் எல்இடி வெந்துவிடாமல் தன்னைக் காத்துக்கொள்கிறது. குளிர்ந்த காற்று அடிக்கும் இடத்தில், கீழே வத்தலக்குண்டில் எரிவதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். அவ்வளவுதான்.

நம் கண்ணும் லூமென் கணக்குப் போடுவதில்லை. 500 லூமெனைவிட 1,000 லூமென் கொஞ்சம் பிரகாசமாகத் தெரியும், இரண்டு மடங்காகத் தெரியாது. இரட்டிப்பாகத் தோன்ற வேண்டுமென்றால் வெளிச்சம் ஏறக்குறைய நாலு மடங்கு ஆக வேண்டும். 1,000-க்கும் 1,200-க்கும் உள்ள வித்தியாசத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

400 ரூபாய் டார்ச்சில் '10,000 லூமென், 5 மணி நேரம்' என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

ஒரு காகிதமும் பேனாவும் எடுங்கள். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்துவிட்டால் அப்புறம் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

நல்ல எல்இடி டார்ச் ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமாராக நூறு லூமென் தரும். அப்படியானால் 10,000 லூமெனுக்கு நூறு வாட். அது ஐந்து மணி நேரம் எரிய 500 வாட்-அவர் வேண்டும். டார்ச்சுகளில் சாதாரணமாகப் போடும் 18650 என்ற லித்தியம் செல்லில், அது நல்ல செல்லாக இருந்தால், 12.6 வாட்-அவர் இருக்கும். ஆக நாற்பது செல் தேவை. ஒரு செல் 45 கிராம் என்றால் செல் மட்டுமே 1,800 கிராம். உங்கள் கையிலிருக்கும் டார்ச் எடை எவ்வளவு?

இதே கணக்கு நேர்மையான டார்ச்சுக்கும் பொருந்தும். ஒரு 18650 செல்லில் நூறு லூமெனாக வைத்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியும், பத்து லூமெனாக வைத்தால் நாள்கணக்கில் எரியும்.

செல்லிலும் இதே பொய் ஓடுகிறது. 18650 செல்லின் மேல் 9,900 எம்ஏஎச் (செல் எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற அளவு) என்று அச்சடித்து விற்கிறார்கள். நல்ல செல்கள் 3,500-ஐ ஒட்டியே நிற்கின்றன. 9,900 என்று போட்டவன் அதில் ஆயிரம் வைத்திருந்தாலே பெரிது.

நேர்மையான கம்பெனி சொல்லும் நேரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. டார்ச்சுகளை அளக்க எஃப்எல்1 என்று ஒரு தர அளவுகோல் இருக்கிறது. அதன்படி 'எரியும் நேரம்' என்பது, போட்ட முப்பதாவது விநாடியில் இருந்த வெளிச்சம் அதில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரம். அதனால் '1,000 லூமென், 3 மணி நேரம்' என்றால் மூன்று மணி நேரமும் ஆயிரம் என்று அர்த்தமில்லை. இரண்டு நிமிடம் ஆயிரம், பிறகு முந்நூறு, கடைசியில் நூறு என்று போனாலும் அது விதிப்படி சரிதான். அட்டைப் பெட்டியில் நேரத்தைக் கோடாக வரைந்து காட்டியிருந்தால் அந்தக் கோட்டைப் பாருங்கள். மலையிறங்கும் கோடாக இல்லாமல் மேடை மாதிரி நீளமாகப் போனால் நல்ல டார்ச்.

லூமென் அதிகம்தான், ஆனால் எதிர்ச்சரிவு தெரியவில்லையே?

மொத்த வெளிச்சம் ஒன்று, அது எவ்வளவு குவிகிறது என்பது வேறு. குவிவைக் கேண்டெலா என்ற எண் சொல்லும். அந்த எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் வெளிச்சம் போகும் தூரம் மீட்டரில் வரும். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். பெட்டியில் போடும் தூரமும் இதுதான். ஆனால் அந்த 200-வது மீட்டரில் விழுவது பௌர்ணமி நிலவு அளவு வெளிச்சம். அங்கே நிற்பது மாடா பாறையா என்று தெரிய வேண்டுமென்றால் பாதித் தூரத்தைத்தான் நம்பலாம்.

நடக்கிறவர்களுக்கு அகலமாக விரியும் வெளிச்சம் நல்லது. தோட்டத்து எல்லை பார்க்கிறவர்களுக்குக் குவியும் வெளிச்சம். இரண்டுக்கும் ஒன்றே வேண்டுமென்றால் நடுவில் ஒரு வட்டமும் சுற்றிலும் மெல்லிய வெளிச்சமும் விழுகிற ரகத்தை எடுங்கள். முன்பக்கத்தை இழுத்து நீட்டினால் குவியும் ஜூம் ரகம் பார்க்க வசதிதான், ஆனால் இழுக்கும் அந்த இடுக்கு வழியாக மழைத் தண்ணீர் உள்ளே போகும். என் டின்னில் மூன்று ஜூம் டார்ச் இருக்கின்றன.

மேகம் இறங்கிவிட்டால் ஒன்றுமே தெரிவதில்லை. மஞ்சள் வெளிச்சம் மூடுபனியைக் கிழிக்குமாமே?

இந்த மலையில் டார்ச் வாங்கும் யாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆனால் வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள்.

மஞ்சள் கிழிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. வானம் நீலமாகத் தெரிவதற்குக் காரணம், காற்றின் நுண்ணிய மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பது. ஒளி அலையைவிட மிகச் சிறிய துகள்களுக்குத்தான் அந்த நியாயம். மூடுபனித் துளி ஒளி அலையைவிடப் பத்து இருபது மடங்கு பெரியது. அது நீலம், மஞ்சள் என்று பேதம் பார்க்காமல் எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும். மஞ்சளில் கண் கூச்சம் கொஞ்சம் குறைவாகப் படலாம். அதற்கு மேல் அதில் மந்திரம் எதுவும் இல்லை.

ஒரு ஐப்பசி ராத்திரி புது டார்ச்சை முழு வேகத்தில் அடித்துக்கொண்டு இறங்கினேன். எதிரே வெள்ளைச் சுவர். கையை நீட்டினால் கை தெரியவில்லை. வெளிச்சத்தைக் கூட்டக் கூட்டச் சுவர் கெட்டியானது. துளிகளில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம்தான் கண்ணை நிறைத்தது, பாதையிலிருந்து வந்த வெளிச்சம் அதில் மூழ்கிப்போனது. ஐம்பது லூமெனுக்கு இறக்கி, டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்து, தரையைப் பார்த்து அடித்தேன். நாலு எட்டுக்குப் பாதை தெரிந்தது. காரில் ஹைபீம் போட்டால் பனி வெள்ளையாகத் தெரிவதும், பனி விளக்கைப் பம்பருக்கடியில் வைப்பதும் இதே காரணத்தால்தான்.

சுருக்கமாக, கண்ணுக்கும் டார்ச்சுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இதனால்தான் நெற்றி லைட் மூடுபனியில் சுத்தமாக உதவாது. கண்ணுக்கு இரண்டு அங்குலம் மேலே இருந்து எரிந்தால் மொத்தமும் முகத்திலேயே திரும்பி விழும்.

அப்படியானால் நெற்றி லைட் வேண்டாமா?

பனி இல்லாதபோது அதைவிட வசதி கிடையாது. மேல்மலைப் பக்கம், பூம்பாறை, மன்னவனூரில் விடியுமுன் பூண்டுக்காட்டுக்கும் கேரட் காட்டுக்கும் போகிறவர்களுக்கு இரண்டு கையும் வேண்டும். ராத்திரி முறையில் மோட்டார் போடப் போகிறவருக்கும் அப்படித்தான். இப்போது எல் வடிவ டார்ச்சுகள் வருகின்றன. பட்டையில் செருகினால் நெற்றியில் நிற்கும், கழற்றினால் சட்டைப் பையில் மாட்டிக்கொள்ளலாம், பனி இறங்கினால் கையில் பிடிக்கலாம். ஒரே ஒரு டார்ச்தான் வாங்குவேன் என்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

பால் வெள்ளையா, மஞ்சளா?

கடையில் பால் வெள்ளை எடுப்பாகத் தெரியும். அது சுமார் 6,500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, எண் குறையக் குறைய மஞ்சளாகும்). ஈர மண்ணும் சருகும் அதில் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். 4,000 முதல் 5,000 கெல்வினுக்குள் இருப்பது நடுத்தரமான வெள்ளை, அதை எடுங்கள். கூடவே சிஆர்ஐ என்ற எண் 90-க்கு மேல் இருந்தால் நிறங்கள் உள்ளபடி தெரியும். ஜீப்பில் எந்த வயர் சிவப்பு, எது பழுப்பு என்று பார்க்கவும், காலில் ஒட்டியிருப்பது சேறா, அட்டை கடித்த ரத்தமா என்று பார்க்கவும், சருகில் கிடப்பது வேரா பாம்பா என்று பார்க்கவும் இது உதவும். இதற்குக் கொஞ்சம் லூமெனை இழக்க வேண்டும். தாராளமாக இழக்கலாம்.

எந்த பேட்டரி? உள்ளேயே வைத்து மூடியதா, கழற்றி மாற்றுவதா?

கழற்றி மாற்றுவது. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. லித்தியம் செல் தேய்கிற பொருள், வருடங்கள் போகப் போக அது கொள்ளும் சார்ஜ் குறையும். அப்போது செல்லை மட்டும் மாற்றினால் போதும்.

18650 என்ற பெயரே அதன் அளவு: 18 மி.மீ. பருமன், 65 மி.மீ. நீளம். 21700 சற்றுப் பெரியது, சாதாரணமாக 5,000 எம்ஏஎச் கொள்ளும், டார்ச்சும் அதற்கேற்பத் தடிமனாகும். பேன்ட் பையில் போட 18650 சரியான அளவு.

கடிகாரத்துக்குப் போடும் ஏஏ செல்லுக்கு ஒரே ஒரு நன்மை. அது பண்ணைக்காடு, தாண்டிக்குடி மாதிரிச் சின்ன மலையூர்களிலும் கிடைக்கும். ஆனால் ரீசார்ஜ் ஏஏ ஒன்றில் இருப்பது சுமார் 2.4 வாட்-அவர், 18650-இல் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. அப்பா காலத்து மூணு கட்டை டார்ச் அத்தனை கனமாக இருந்தும் இன்றைய விரல் நீள டார்ச்சுக்கு ஈடாகாததற்கு முக்கியக் காரணம் அதன் குண்டு பல்பு. சாதாரண ஏஏ செல்லை உள்ளேயே விட்டு மறந்தால் கசிந்து டார்ச்சையே தின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 14500 என்ற லித்தியம் செல் பார்க்க அச்சாக ஏஏ மாதிரியே இருக்கும். ஆனால் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், ஏஏ-வில் 1.5 தான். டார்ச்சுக்கான தாளில் 14500 போடலாம் என்று எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள். இல்லையென்றால் ஒரே சொடுக்கில் கதை முடிந்துவிடும். உதிரி லித்தியம் செல்லைச் சாவிக்கொத்தோடு ஒரே பையில் போடவே கூடாது. இரண்டு முனையும் சாவியில் பட்டால் தீப்பிடிக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

பெட்டி மாதிரி இருக்கும் பெரிய எமர்ஜென்சி டார்ச்சுகளில் இன்னும் ஈய-அமில பேட்டரி வருகிறது. தீர்ந்த நிலையில் இரண்டு மாதம் மூலையில் கிடந்தால் செத்தது செத்ததுதான். எங்கள் வீட்டில் இரண்டு அப்படிப் போயின.

சார்ஜ் போட?

டைப்-சி. போன் சார்ஜரே போதும். சில மலிவு டார்ச்சுகளில் ஓட்டை டைப்-சியாக இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள ஒயரில் சார்ஜ் ஏறாது. உள்ளே வைக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள். பழைய அகல முனை ஒயரைச் செருகிப் பாருங்கள், ஏறும்.

மார்கழி, தை குளிரில் பேட்டரி படுத்துவிடுமா?

கொடைக்கானலில் ஏரிப் பக்கம் தை மாதம் புல்லில் உறைபனி படிகிறது. அந்தக் குளிரில் லித்தியம் செல்லின் தெம்பு கொஞ்சம் குறையும், நின்றுவிடாது. சாதாரண ஏஏ செல் நன்றாகவே தளரும். ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். கவனிக்க வேண்டியது சார்ஜ் போடும்போது. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்தால் உள்ளே உலோக லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெடும். ராத்திரி முழுக்க ஜீப்பில் கிடந்த டார்ச்சை விடிந்ததும் சார்ஜில் போடாமல், அடுப்படியில் அரை மணி நேரம் வைத்துவிட்டுப் போடுங்கள்.

மழைக்குத் தாங்குமா?

ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் பிழைக்கும். ஓடை தாண்டுகிறவர்கள் 7-க்குக் கீழே போக வேண்டாம். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம்தான் தண்ணீரைத் தடுப்பது. வருடம் இரண்டு தடவை அதில் சிலிக்கோன் கிரீஸ் துளி தடவுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிய ஒருவரைத் தெரியும். இந்த ஊரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்துதான் கிடக்கிறது, டார்ச் மூடிக்குள் மட்டும் உருகியிருக்குமா?

பாதையில் காட்டுமாடு நின்றால் டார்ச் அடிக்கலாமா?

கண்ணில் அடிக்காதீர்கள். டவுனுக்குள்ளேயே நடமாடுகிற மாடுகள் மனிதனைப் பார்த்து மிரளாது. கண்ணைக் கூசவைத்தால்தான் எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாது. வெளிச்சத்தைத் தரைக்கு இறக்கி, நின்று, பேச்சுக் கொடுக்காமல் பின்னால் நகருங்கள். அது போகும்வரை காத்திருப்பதுதான் வழி, பஸ் ஸ்டாப்பில் நிற்பது மாதிரி. நான் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன்.

டார்ச்சின் நிஜமான உபயோகம் அதற்கு முன்னால். வளைவு திரும்புமுன் ஒரு தடவை அகலமாகச் சுற்றி அடியுங்கள். காட்டுமாடு, மான், சிறுத்தை எல்லாவற்றுக்கும் கண்ணுக்குள்ளே கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு, வெளிச்சம் பட்டதும் மின்னும். காட்டுப்பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. அதனால் கண் மின்னவில்லை என்பதை வைத்து எதுவும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். உறுமலுக்குக் காது கொடுங்கள்.

ராத்திரியில் காட்டுமாடு பார்க்க டார்ச்சோடு கிளம்பலாமா? (சுற்றுலா வருகிறவர்கள் கேட்பது)

வேண்டாம். இந்த மலையில் ஒரு பெரிய பரப்பு 2013-லிருந்து வனவிலங்கு சரணாலயம். சரணாலயத்துக்குள் விலங்கைச் சீண்டுவது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

வெட்டி வெட்டி மின்னும் மோட் எதற்கு?

என் வரையில் தொந்தரவு. யானையை விரட்டும் என்று சொல்லி விற்கிறார்கள், அதை நம்பி யாரும் யானைக்கு எதிரே நிற்க வேண்டாம். ஒவ்வொரு தடவை வெளிச்சத்தை மாற்றும்போதும் இந்த மின்னலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்கிற டார்ச்சை வாங்காதீர்கள். தனியாக ஒளித்துவைத்திருந்தால் சரி.

பேன்ட் பையில் தானாக எரிந்து சுட்டுவிட்டது. ஏன்?

பக்கவாட்டு பட்டன் பையில் அழுந்தியிருக்கும். ஆயிரம் லூமென் துணியைக் கருக்கும். பையில் போடுமுன் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிடுங்கள், மின்சாரம் துண்டிக்கப்படும். பெரும்பாலான நல்ல டார்ச்சுகளில் இது வேலை செய்யும். கடையிலேயே சோதித்துப் பாருங்கள்.

கரண்ட் போகும் நாட்களுக்கு எதை எடுத்து வைக்க?

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறி இந்த மலை வழியாகப் போனது. மரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்தன, கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் பக்கம் ஆறு நாள் கரண்ட் இல்லை. வீட்டிலிருந்த பெரிய டார்ச்சுகள் இரண்டாம் ராத்திரியே தீர்ந்தன. பிள்ளைகள் அதை முழு வேகத்தில் வைத்து நிழல் காட்டி விளையாடியதும் ஒரு காரணம். ஆறு நாளும் நின்றது ஒரே ஒரு 18650 டார்ச்தான். பதினைந்து லூமெனில் வைத்து, செம்பில் நிமிர்த்தி நிறுத்தி, கூரையைப் பார்த்து எரியவிட்டோம். வெள்ளையடித்த மேற்கூரையில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். நேராக அடித்தால் கண் கூசும், மூலைகள் இருட்டாகவே இருக்கும்.

ஓடு போட்ட வீடாக இருந்தால் மேலே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள். மேல்மலையில் என் சித்தப்பா வீட்டில் அப்படித்தான் சமாளித்தார்கள். ஐப்பசி பிறக்குமுன் இரண்டு செல்லை முழுதாகச் சார்ஜ் செய்து வைத்துவிடுங்கள்.

கடையில் கையில் வாங்கியதும் எதைப் பார்க்க?

குறைந்த மோட்டில் போட்டு வேகமாக ஆட்டுங்கள். வெளிச்சம் கோடாகத் தெரியாமல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது விட்டு விட்டு எரிகிறது, அதில் படித்தால் தலை வலிக்கும். கையுறை போட்ட கையால் பட்டனை அழுத்திப் பாருங்கள். மேஜையில் உருட்டிவிடுங்கள். உருண்டு ஓடினால் சரிவில் அதை இழப்பீர்கள், கிளிப் உள்ளதாக வாங்குங்கள். அடியில் காந்தம் இருந்தால் ஜீப் பானெட்டில் ஒட்டிவைத்து வேலை பார்க்கலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த ரகத்தை நெஞ்சுப் பையில் போட வேண்டாம். விலையைப் பொறுத்தவரை செல்லோடு 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் நாணயமானது கிடைக்கிறது.

உப்பிப்போன பழைய செல்லை என்ன செய்ய?

குப்பைமேட்டில் எறியாதீர்கள், அடுப்பில் போடாதீர்கள். இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, தகர டப்பாவில் தனியாக வையுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய செல்களைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. கீழே மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ போகும்போது பேட்டரி வாங்கும் கடையில் கேட்டுக் கொடுத்துவிடலாம். என்னுடையது பதினொன்று சேர்ந்திருக்கிறது, அடுத்த மாதம் கொண்டுபோக வேண்டும்.